பழகிய டயரும் பழுதற்ற வாக்கும்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில், வள்ளியாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அணித்தே அமைந்துள்ள மணவாளக்குறிச்சி, தன் மணலால் உலகறியப் பெற்ற ஊர். திருவிதாங்கூர்க் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்த ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், அதன்கண் மோனசைட்டு என்னும் அரிய கனிமம் இருத்தலை 1909-ஆம் ஆண்டில் கண்டறிந்தார் என்பர். அம்மணலை வெறுங்கண்ணால் நோக்குவார்க்கு அஃது ஒரே கருமணல். காந்தத்தின் அருகே கொண்டு சென்றாலோ இல்மனைட்டு தனியே ஈர்க்கப்படும். மின்னூட்டிய உருளைமேல் ஓடவிட்டால் மின்கடத்தும் ரூட்டைல் ஒருபுறமும், கடத்தாத சிர்க்கான் மறுபுறமும் பிரியும். கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றுவன கருவிக்கு வெவ்வேறாதல் இவ்வூரார் நன்கறிந்த உண்மையாம்.

யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் மணலன்று. கருமை ஒன்றே காட்டித் தன் உள்ளியல்பை மறைத்து நிற்கும் மற்றொரு பொருளாகிய மோட்டார் வண்டியின் டயரே. அதிலும், சிறிதே ஓடிய ஓரிணை விரைவுவகை டயர்களை ஒருவர் விற்கப் புகுங்கால் எவற்றை அறிதல் வேண்டும், எவற்றை அளத்தல் வேண்டும், எவற்றை வாய்திறந்து சொல்லல் வேண்டும் என்பதே எம் ஆராய்ச்சி. தமிழ் பயில்வார்க்கு டயர் வாணிகம் எற்றுக்கு என நண்பர் சிலர் நகைத்தல் கூடும். உயிரைத் தாங்கும் பொருள் கைமாறுமிடத்து, வாங்குவோனுக்குப் பெரும்பாலும் விற்போன் சொல்லே காவல். ஆதலின் சொல்லைப் பயில்வார்க்கு இப்பொருள் அயலதன்று.

பெயரும் வரலாறும்

டயர் என்னும் சொல் மேல்நாட்டினின்று வந்ததாயினும், பட்டறையிலும் தெருவிலும் வழங்குவது அதுவே. யாமும் அதனையே ஆள்கின்றோம். ரப்பர் மரத்தின் பாலைக் கந்தகத்தோடு கூட்டிச் சூடேற்றினால் அது வெயிலுக்கு இளகாமலும் குளிருக்கு இறுகாமலும் உறுதிபெறும் என்பதை 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் கண்டார். காற்றடைத்த சக்கரப்பட்டைக்கு 1845-ஆம் ஆண்டில் ராபர்ட் தாம்சன் காப்புரிமை பெற்றார். 1888-ஆம் ஆண்டில் டன்லப் அதனைப் பயன்பாட்டுக்குக் கொணர்ந்தார். பிரேசில் நாட்டு ரப்பர் விதைகளை ஹென்றி விக்கம் என்பார் 1876-ஆம் ஆண்டில் இலண்டனுக்குக் கொண்டு சென்றதன் பின்னரே அம்மரம் ஆசிய நாடுகளில் பரவிற்று. இன்று நம் மாவட்டத்து மலையடிவாரங்களிலும் ரப்பர்த் தோட்டங்கள் தழைத்துள்ளன. கீரிப்பாறைப் பக்கத்தில் விடியற்போதில் மரத்தைக் கீறிப் பாலெடுக்கும் தொழிலாளரை அறியாதார் நம்முள் சிலரே.

ஒருமுறை ஓடிய டயருக்கு இரண்டாம் வாழ்வு தருதல் நம் நாட்டில் புதியதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற மாம்மன் மாப்பிள்ளை என்பார், 1946-ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு தொழிலைத் தொடங்கினார். 1952-ஆம் ஆண்டில் அவர் கைவைத்த தொழில், தேய்ந்த டயரின்மேல் மீண்டும் ஒட்டுதற்குரிய ரப்பர் செய்தலாம். அதன்பின்னரே டயர் செய்யும் பேராலையாக அது வளர்ந்தது. நம் பட்டறையார் 'ரீபட்டன்' என வழங்கும் முறைக்கு வேண்டிய பொருளினின்றே அப்பெருந்தொழில் கிளைத்ததென்பது நினைக்கத் தக்கது.

விரைவுவகை டயரின் இயல்பு

வணிகர் 'பெர்ஃபார்மன்ஸ் டயர்' என அழைக்கும் விரைவுவகை, பொது டயரினின்று மூன்று வகையால் வேறுபடும். அகலம் மிகுதி, பக்கச்சுவரின் உயரம் குறைவு, தரையைப் பற்றும் ரப்பர் மென்மையுடையது. இம்மூன்றும் சேர்ந்து வளைவில் வண்டியை உறுதியாய் நிறுத்தும். தடையிட்டவழி விரைந்து நிற்கச் செய்யும். ஆயின் இக்குணங்களே குறைகளுமாம். மென்மையான ரப்பர் விரைவில் தேயும். குறுகிய சுவர் குழியின் அடியைத் தாங்காது. அடி முழுதும் உள்ளிருக்கும் நூலுக்கும் ரிம்முக்கும் செல்லும்.

மணவாளக்குறிச்சியில் ஒருவர் பழைய கார் ஒன்றை வாங்குகின்றார் எனக் கொள்வோம். முன்னை உடையவர் விரைவின்மேல் விருப்பமுடையவராய், அதற்கு அகன்ற ரிம்மும் இவ்வகை டயரும் பூட்டியிருந்தார். வாங்கியவரோ திங்கள்சந்தைக்கும் நாகர்கோவிலுக்கும் குடும்பத்தோடு சென்று வருபவர். ஒவ்வொரு குழியிலும் நெஞ்சு துணுக்குறுதலைப் பொறாது, பொது டயர்களை மாற்றிக்கொள்கின்றார். கழற்றியவற்றுள் இரண்டு நன்னிலையில் உள்ளன. அவற்றை விற்க எண்ணுகின்றார். இனி அவர் செய்யத் தக்கன யாவை எனக் காண்போம்.

பக்கச்சுவரின் எழுத்துகள்

டயரின் வரலாறு அதன் பக்கச்சுவரிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. '225/45 ஆர் 17 91 டபிள்யூ' என ஒன்றில் காணப்படும் எனின், அதன் பொருள் வருமாறு. 225 என்பது மில்லிமீட்டரில் அகலம். 45 என்பது சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 45 பங்கு என்றவாறு. அஃதாவது ஏறத்தாழ 101 மில்லிமீட்டர். ஆர் என்பது உள்நூல்கள் குறுக்கே ஆரம்போல் ஓடும் ரேடியல் அமைப்பு. 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 91 என்பது சுமைக் குறியெண். ஒரு டயர் 615 கிலோகிராம் தாங்கும் என்பது அதன் கருத்து. டபிள்யூ என்பது விரைவெல்லை. மணிக்கு 270 கிலோமீட்டர். எச் எனின் 210, வி எனின் 240, ஒய் எனின் 300 எனக் கொள்க. அத்தகைய விரைவு நம் சாலைக்கு வேண்டுவதன்று. ஆயினும் அவ்வெழுத்து, டயர் எவ்வளவு வெப்பத்தைத் தாங்குமாறு ஆக்கப்பட்டது என்பதற்குச் சான்றாம். ஆதலின் வாங்குவோன் தன் வண்டிக்கு விதித்த குறியினும் தாழ்ந்ததை ஏற்றல் ஆகாது.

இவற்றினும் இன்றியமையாதது பிறந்த நாள். சுவரில் முட்டைவடிவக் கட்டத்துள் நான்கிலக்க எண் ஒன்று இருக்கும். '3122' எனின், 2022-ஆம் ஆண்டின் 31-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது எனப் பொருள். மூன்றிலக்கமே இருப்பின் அது 2000-ஆம் ஆண்டுக்கு முற்பட்டது. அதனை எவ்விலைக்கும் வாங்கற்க. இந்த எண் பல டயர்களில் ஒரு பக்கத்தே மட்டும் முழுமையாக இருக்கும். வண்டியில் பூட்டியவழி உட்புறமாய் மறைந்துவிடுதலும் உண்டு. விற்பவர் அதனைத் தாமே தேடி எழுதித் தருதல் நன்று. ஓடாது கிடந்தாலும் ரப்பர் மூப்படையும் என்பதை மறவற்க. வெயிலும் வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் அதனை மெல்ல மெல்ல உலர்த்தி வெடிக்கச் செய்யும். ஐந்தாண்டு கழிந்தவற்றை ஆண்டுதோறும் அறிந்தாரைக் கொண்டு பார்த்தல் வேண்டுமென்றும், பத்தாண்டு ஆயின் தேயாவிடினும் நீக்குதல் வேண்டுமென்றும் டயர் செய்வோர் பலர் கூறுகின்றனர்.

தேய்வை அளத்தல்

'பட்டன் நன்றாய் இருக்கிறது' என்பது பட்டறை வழக்கு. தரையைத் தொடும் பகுதியிலுள்ள கட்டங்களையும் பள்ளங்களையும் சேர்த்துப் பட்டன் என்பர். நன்றாய் இருக்கிறது என்பது அளவன்று, மில்லிமீட்டரே அளவு. சிறு ஆழமானி ஒன்றைப் பள்ளத்தில் இட்டால் உண்மை வெளிப்படும். புதிய கார் டயரின் பள்ளம் பெரும்பாலும் 7 முதல் 8 மில்லிமீட்டர் ஆழமுடையது. பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே குறுக்குமேடுகள் வைத்துள்ளனர். தேய்ந்து தேய்ந்து அம்மேட்டோடு பட்டன் சமமாகுங்கால் எஞ்சிய ஆழம் 1.6 மில்லிமீட்டர், அதுவே காருக்கு வகுத்த கடையெல்லை. அதன்பின் அது மொட்டை டயர்.

ஓரிடத்தில் மட்டும் அளத்தல் போதாது. அகலத்தில் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்றிடத்தும், சுற்றில் நான்கிடத்தும் அளந்து எழுதுக. நடு மிகத் தேய்ந்திருப்பின் காற்று மிகுதியாய் அடிக்கப்பட்டது. இருவிளிம்பும் தேய்ந்திருப்பின் காற்றுக் குறைவாய் ஓடியது. உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பின் சக்கரத்தின் நேர்நிலை பிறழ்ந்திருந்தது. மூன்றனுள் மிகக் குறைந்த அளவே டயரின் உண்மையளவாம். மிகுந்ததைச் சொல்லிக் குறைந்ததை மறைத்தல் பொய்யின் ஒருவகை.

ஆழம் எதற்கு? நம் நாஞ்சில் நாடு தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இருபருவ மழையும் பெறுவது. ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ உள்ளங்கை அளவினதே. விரைந்தோடும்போது அச்சிற்றிடத்தினின்று நீரை வெளியேற்றுவன இப்பள்ளங்கள். அவை ஆழங்குன்றினால் நீர் வெளியேறாது டயரின் கீழ் ஏடுபோல் நிற்கும். வண்டி நீரின்மேல் மிதக்கும். அப்பொழுது திருப்பினும் திரும்பாது, தடையிடினும் நில்லாது. கோடையில் நல்லதாய் ஓடிய டயர் ஆனிச் சாரலில் உயிர் கொள்ளுதல் இதனாலேயாம்.

மறைந்த குறைகள்

அளவில் தேறிய டயரும் உள்ளே நோயுற்றிருத்தல் கூடும். குழியில் பட்ட அடியால் உள்நூல் அறுந்தால், சுவரில் முட்டைபோற் சிறு வீக்கம் எழும். அதனைச் செப்பனிடும் வழி இல்லை. எவ்வளவு புதியதாயினும் அது விற்பனைக்கு உரியதன்று. காற்றிறங்கிய நிலையில் ஓடிய டயரில் வெளிப்புறம் செவ்வனே தோன்றும். உட்புறத்தே சுவரைச் சுற்றி உராய்ந்த வளையமும் ரப்பர்த் துகளும் காணப்படும். ரிம்மினின்று கழற்றி உட்புறம் நோக்கினார்க்கே அது புலப்படும். கழற்றிய நிலையில் விற்போர்க்கு இவ்வசதி உண்டு. ஆதலின் அவர் பார்த்திலேன் என்றல் பொருந்தாது.

பஞ்சர் ஒட்டியது குற்றமன்று. பட்டனின் நடுப்பகுதியில் ஆணியளவான துளையை உள்ளிருந்து முறைப்படி அடைத்திருப்பின் அச்சமின்றி ஓட்டலாம். விளிம்பிலோ சுவரிலோ அடைத்திருப்பின் அது நம்பத் தக்கதன்று. எத்தனை பஞ்சர், எவ்விடத்து, எம்முறையால் அடைத்தது என்பன சொல்லப்படல் வேண்டும்.

விற்கும் வரை காக்கும் முறையும் ஈண்டுச் சுட்டுதற்குரியது. கடற்கரை ஊர்களில் மாடியின் மேலும் முற்றத்திலும் டயரை வெயிலில் இட்டுவைத்தல் பெருவழக்கு. அவ்வாறன்றி, வெயில் படாத குளிர்ந்த உலர்ந்த அறையில், எண்ணெயும் பெட்ரோலும் தீண்டாவண்ணம் வைத்தல் வேண்டும். ஓடும் மின்மோட்டார் ஓசோன் உண்டாக்குமாதலின் அதன் அருகும் ஆகாது. ரிம் இல்லாதவற்றை நிமிர்த்தி நிறுத்தி, இடையிடையே சிறிது உருட்டி வைக்க.

இணை என்பதன் பொருள்

டயரை ஒன்றாக விற்றலினும் இரண்டாக விற்றல் ஏன் சிறந்தது? ஓர் அச்சின் இருபுறமும் ஒரே அளவும் ஒரே வகையும் ஏறத்தாழ ஒரே தேய்வும் உடைய டயர்கள் இருத்தல் வேண்டும் என்பது விதி. ஒருபுறம் பற்றும் மறுபுறம் வழுக்கும் எனின், தடையிட்டவழி வண்டி ஒருபக்கம் இழுக்கும். ஆதலின் இணையாவது எண்ணால் இரண்டாதல் அன்று, இயல்பால் ஒத்திருத்தல். இருவேறு ஆண்டில் பிறந்தவற்றையும் இருவேறு பட்டன் உடையவற்றையும் இணை என விற்றல் தகாது.

விரைவுவகையில் மற்றொரு நுட்பமும் உண்டு. சிலவற்றின் சுவரில் அம்புக்குறி இருக்கும்; அவை அத்திசையிலேயே சுழலல் வேண்டும். ஆதலின் வலத்துக்கு ஒன்றும் இடத்துக்கு ஒன்றுமாகப் பூட்டுக. சிலவற்றில் வெளிப்பக்கம் எது, உட்பக்கம் எது எனப் பொறித்திருப்பர், அதனை மாற்றலாகாது. இணையை வாங்கியோர் அதனை முன்னச்சில் பூட்டுவதா, பின்னச்சில் பூட்டுவதா என ஐயுறுவர். நல்ல ஆழமுடைய இணை பின்னச்சுக்கே உரியது என்பது டயர் செய்வோர் கொள்கை. என்னை? மழையில் முன்டயர் வழுக்கின் வண்டி நேரே செல்லும்; ஓட்டுவோன் விரைவைக் குறைத்துத் தேறலாம். பின்டயர் வழுக்கின் வண்டியே சுழலும்; அதனை அடக்குதல் பழகினார்க்கும் அரிது.

விலை காணும் முறை

'புதியதில் பாதி' என்றும் 'முக்கால்' என்றும் வாய்க்கு வந்தவாறு விலை கூறுவர். கணக்கால் காணுதல் இருவர்க்கும் நன்று. புதிய டயர் ஒன்றின் விலை ₹10,000 என்றும், அதன் ஆழம் 8 மில்லிமீட்டர் என்றும், இப்போது எஞ்சியது 6.8 என்றும் வைத்துக்கொள்வோம். எட்டில் 6.8 என்பது நூற்றுக்கு 85. ஆகவே ₹8,500 என ஒருவர் மொழியலாம். அது பிழை. கடைசி 1.6 மில்லிமீட்டர் எவர்க்கும் பயன்படாது. பயன்படும் ஆழம் 6.4, எஞ்சியது 5.2, விலை ₹8,125. மழைநாட்டில் வாழும் அறிவுடையோன் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவான் எனின், அவனுக்குப் பயன்படும் 5 மில்லிமீட்டரில் எஞ்சியது 3.8, விலை ₹7,600.

இதுவும் தொடக்கமே. வயதுக்கு ஒரு குறைவு. கடைக்காரர் தரும் பொறுப்புறுதி இன்மைக்கு ஒரு குறைவு. பூட்டுதற்கும் எடைநிகர் செய்தற்கும் ஆகும் கூலிக்கு ஒரு குறைவு. இவற்றைக் கழித்தபின் விலை புதியதில் பாதியை ஒட்டி வந்து நிற்பின் விற்பவர் வருந்துதற்கில்லை. அவர் இழந்தது டயரின் தேய்வால் வந்ததன்று. புதியது என்னும் பெயர் நீங்கியதால் வந்தது.

சொல்ல வேண்டுவது

இனி, எம் கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகின்றோம். விற்பவர் குறையைத் தாமே சொல்லல் வேண்டுமா? கேட்டால் மட்டும் சொன்னாற் போதாதா?

1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், வாங்குவோனே விழித்திருத்தல் வேண்டும் என்பதைப் பொதுவிதியாகக் கொண்டது. அப்பொருளையே தொழிலாக விற்கும் வணிகனுக்குச் சில கடப்பாடுகளை அது விதித்துள்ளது. வீட்டு மூலையில் கிடந்த இரண்டு டயரை விற்கும் நம்மவர் வணிகர் அல்லர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமோ இதனை அழகியதோர் எடுத்துக்காட்டால் விளக்குகின்றது. அதன் 17-ஆம் பிரிவில் ஒரு நோயுற்ற குதிரை வருகின்றது. ஏலத்தில் அதனை விற்பவன் குறையை வாய்திறந்து சொல்லாதிருத்தல் மாத்திரையால் வஞ்சகன் ஆகான். ஆனால், 'நீர் மறுத்துரையாவிடின் குதிரை நலமுடையது எனக் கொள்வேன்' என வாங்குவோன் சொல்லியபின் விற்பவன் வாய்வாளா இருப்பின், அவ்வாளாமையே பேச்சுக்கு ஒப்பாகும். மூன்றாவது ஒன்றும் உண்டு. வாங்குபவள் விற்பவனுடைய மகளாய், அப்பொழுதுதான் பருவம் எய்தியவளாய் இருப்பின், கேளாமலே சொல்லுதல் அவன் கடன்.

சட்டம் அந்நியனை ஒருவகையாகவும் மகளை மற்றொரு வகையாகவும் நடத்துகின்றது. வள்ளுவரோ வாணிகம் பற்றிய குறளைப் பொருட்பாலில் வையாது, அறத்துப்பாலில் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். நடுவுநிலைமையாவது, பகைவர், அயலார், நண்பர் என்னும் பகுப்பெல்லாவற்றினும் ஒருதன்மையாய் நிற்றல் என்பர் உரையாளர். மகளுக்குச் சொல்வதை அயலானுக்கும் சொல்க என்பதே அவ்வைப்பு முறையின் பயன் என யாம் கருதுகின்றோம். நோயுற்ற குதிரை நொண்டிக் காட்டும். வாங்கியவன் சின்னாளில் அறிவான். நோயுற்ற டயர் அவ்வாறு முன்னறிவித்தல் அரிது. மனைவியும் மக்களும் உடனிருக்க, மழையிரவில், நெடுஞ்சாலையில், ஒருமுறையே அது தன் குறையை வெளியிடும்.

ஆதலின் விற்பவர் ஒரு தாளில் எழுதித் தரத்தக்கன இவை: அளவும் குறியெழுத்தும், பிறந்த வாரமும் ஆண்டும், மூன்றிடத்து ஆழம், பஞ்சரின் எண்ணும் இடமும், எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று என்பது, ஏன் கழற்றப்பட்டது என்பது. கடைசியிற் கூறிய வினாவே பலரை நாணச் செய்வது. 'என் சாலைக்கும் என் குடும்பத்துக்கும் இவை பொருந்தவில்லை' என நேர்மையாய்ச் சொன்னால், விரைவை விரும்பும் வேறொருவர்க்கு அதுவே சிறந்த பரிந்துரையாகவும் அமையும். பொருந்தாதது கெட்டதன்று, உரியவர் கையில் அது நன்றாம்.

விற்றற்குரியதன்று எனத் துணிந்த டயரை என் செய்வது? துறைகளில் படகும் படகும் மோதாவண்ணம் இடையே தொங்கவிடுதல் நம் கரையோர மக்கள் கண்ட நற்பயன். முற்றத்தில் எறிந்தால் மழைநீர் தேங்கி டெங்கு பரப்பும் கொசு வளரும். போகியன்று கொளுத்தினால் நச்சுப்புகை ஊரைச் சூழும். 2022-ஆம் ஆண்டில் வகுத்த மத்திய அரசின் விதிகள், கழிந்த டயரை மறுசுழற்சிக்கு உட்படுத்தும் பொறுப்பை டயர் செய்வோர் மேலும் இறக்குமதி செய்வோர் மேலும் ஏற்றியுள்ளன. ஆதலின் பழம்பொருள் வாங்குவோர் வழி அதனை மறுசுழற்சிக்குச் சேர்த்தலே முறை. அவ்வாறு விடுக்கும்போது சுவரில் ஒரு வெட்டு வெட்டிவிடுதல் இன்னும் நன்று. இடைநின்ற எவரும் அதனைத் துடைத்து மெருகிட்டு மற்றோர் ஏழையின் வண்டியில் ஏற்ற இயலாது.

இரண்டு டயரின் விலை சில ஆயிரம் ரூபாயே. சிறிது மறைத்தால் சில நூறு கூடுதலாய்க் கிடைத்தல் கூடும். அந்நூறுகளின் எதிர்த்தட்டில் நிற்பது நாம் முகமறியாத ஒரு குடும்பத்தின் பயணம். கல்லூரியை விட்டு வெளிச்சென்று வாங்கவும் விற்கவும் போகும் நம் தோழர்கள், ஆழமானியை டயருக்கும், அதே துல்லியத்தைத் தம் சொல்லுக்கும் வைத்துப் பழகுவாராக.